முட்டி வரைக்கும்தான்

எரிகிறது. எரியும் தாத்தா, ஒரு நிமிஷம் எரியும், அப்புறம் சில்லுன்னு ஆயிடும், கண்ணை மட்டும் தொறந்துடாதீங்க என்று சொல்லி ரெண்டு கண்ணிலும் சொட்டு விட்டு, கன்னத்தில் வழிந்ததைப் பஞ்சால் ஒற்றிவிட்டுப் போனது அந்த சிஸ்டர் பொண்ணு. பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை, மொத்தம் நாலு தடவை. கண்ணின் பாப்பா நன்றாக விரிந்தால்தான் டாக்டர் உள்ளே எட்டிப் பார்க்க முடியுமாம். அதுவரைக்கும் இந்தக் கண்ணாஸ்பத்திரி பெஞ்சில், முதுகைச் சுவரில் சாய்த்து, குடையை ரெண்டு தொடைக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு நான் உட்கார்ந்திருக்க வேண்டும். சீட்டு எழுதும்போது பேர் தனக்கோட்டி, வயசு எழுபத்திநாலு என்று எழுதிக்கொண்டு எந்த ஊரு தாத்தா என்று கேட்டது அந்தப் பெண். இதே ஊருதாம்மா, பட்டாளம் என்றேன். இல்ல தாத்தா, சொந்த ஊரு? அதான்மா, இதேதான். அது நம்பினதாகத் தெரியவில்லை. மெட்ராஸில் இருக்கிறவர்களுக்கெல்லாம் வேறே எங்கேயோ ஒரு ஊர் இருக்க வேண்டும், பொங்கலுக்குப் பையைத் தூக்கிக்கொண்டு போக. எனக்கு அப்படி ஒன்று வாய்க்கவில்லை. பொங்கலன்று ஊர் காலியாகக் கிடக்கும்போது நடுரோட்டில் யாரும் திட்டாமல் வண்டி ஓட்டிக்கொண்டு போவேனே, அதுதான் எனக்குப் பொங்கல். இப்போது மட்டும் ஒரு ஊர் வந்திருக்கிறது, ஓசூர். மகன் லோகு அங்கே கம்பெனி வேலையில் இருக்கிறான். என்னைக் கூட்டிப் போக வந்திருக்கிறான். வாடகை வீட்டுச் சாவியைச் சாயங்காலம் ஆறு மணிக்குள் வீட்டுக்காரரிடம் கொடுத்துவிடலாம் என்கிறான், கண் ஆபரேஷன் அங்கேயே பண்ணிக்கொள்ளலாம் என்கிறான். டாக்டரு பாத்து முடிக்கிறதுக்குள்ள ஒரு முடிவு சொல்லு நைனா, ஆவட்டும் பாக்கலாம்னு இந்த தடவயும் சொல்லாத என்று சொல்லிவிட்டு டோக்கன் வாங்கப் போயிருக்கிறான். சாவி என் சட்டைப் பையில் இருக்கிறது. மூச்சு விடும்போதெல்லாம் நெஞ்சில் லேசாக இடிக்கிறது. நாலு சொட்டு நேரம் இருக்கிறது எனக்கு.

சில்லென்று ஆகிவிட்டது. இமைக்குள்ளே முதலில் சிவப்பு, அப்புறம் வெல்லப்பாகு நிறம், அதில் சின்னச் சின்னதாக என்னவோ நீந்திக்கொண்டு போகிறது. காது மட்டும் விழித்திருக்கிறது. ஜன்னலுக்கு வெளியே ஒரு பஸ் கியர் மாற்றுகிறது. ரெண்டிலிருந்து ஒன்றுக்கு வந்து முக்குகிறது. அப்படியானால் அங்கே ஏற்றம். சொன்னால் சிரிப்பார்கள், மெட்ராஸ் தோசைக்கல் மாதிரி சமதரை, இதில் எங்கே ஏற்றம் என்பார்கள். காரில் போகிறவனுக்குச் சமதரை. நாற்பது வருஷம் மீன்பாடி வண்டி மிதித்தவன் தொடையைக் கேட்டுப் பார்க்க வேண்டும். முன்னால் பலகை, பலகை மேலே காகிதக் கட்டோ இரும்புக் குழாயோ எட்டு மூட்டை வெங்காயமோ, பின்னால் சீட்டில் நான். லோடுக்கு மேலே வானம்தான் தெரியும், ரோடு தெரியாது. ரோட்டைத் தொடைதான் பார்க்கும். வேப்பேரியிலிருந்து பட்டாளத்துக்கு வரும்போது ஒரு இறக்கம் இருக்கிறது, எந்தக் கண்ணுக்கும் தெரியாது, மிதிக்காமலே ரெண்டு கம்பம் தூரம் வண்டி தானாக உருளும். வேப்பேரி, ஓட்டேரி என்று பேரிலேயே ஏரியை வைத்துக்கொண்டிருக்கிற இடங்கள், தண்ணீர் போய்விட்டாலும் பள்ளம் போகுமா. அந்த ரெண்டு கம்ப தூரத்தில் காலைத் தூக்கி பெடல் மேலே சும்மா வைத்துக்கொண்டு வருவேன், முகத்தில் காற்று படும், அது சாக்கடைக் காற்றுதான், ஆனாலும் காற்று. ஏற்றம் என்றால் யானைக்கவுனி பாலம். கீழே ரயில் போகும், மேலே நான் செத்துக்கொண்டிருப்பேன். அந்தப் பாலத்தில் எங்களுக்குள் ஒரு கட்டு இருந்தது. காலி வண்டியோடு வருகிறவன் பாலத்தடியில் வண்டியை ஓரம் கட்டி, லோடு வண்டி ஒன்றை மேலே வரைக்கும் தள்ளிவிட்டுத்தான் தன் வழியைப் பார்க்க வேண்டும். கேட்கவே வேண்டாம். மிதித்துக்கொண்டிருக்கும்போதே முதுகில் ஒரு கை வந்து பதியும். சில நாள் ஈரக் கை, சில நாள் பீடி நாற்றம் அடிக்கிற கை. ஏறுடா சோமாறி, காலையில சோறு துன்னியா இல்லியா என்று காதுக்குள் ஒரு வசவும் வரும். திரும்பிப் பார்க்கக் கூடாது. திரும்பினால் ஹேண்டில் சாயும், லோடு சரியும். உச்சிக்கு வந்ததும் கை எடுபட்டுவிடும், வண்டி இறக்கத்தில் ஓட ஆரம்பித்துவிடும். நாற்பது வருஷத்தில் எத்தனை கைகள். ஒரு முகமும் எனக்குத் தெரியாது. அந்தப் பாலத்தை இடித்துப் புதிதாகக் கட்டியிருக்கிறார்களாம். ஏற்றம் எப்படி இருக்கிறதோ.

"இன்னா தலைவரே, தூங்கிட்டீங்களா?"

பக்கத்து ஆள். அவரும் கண்ணை மூடிக்கொண்டுதான் இருக்க வேண்டும், குரல் நேராக எதிர்ச் சுவருக்குப் போய்த் திரும்பி வருகிறது. ராயப்பனாம், ராயபுரமாம், ஐஸ் ஃபாக்டரியில் இருந்தாராம். இல்லீங்க, முழிச்சிட்டுதான் இருக்கேன் என்றேன். "எத்தனாவது சொட்டு ஒங்களுக்கு?" ரெண்டாவது வரணும் என்றேன். "எனக்கு மூணு ஆயிடுச்சு. இதுக்கு மேல விரிஞ்சா கண்ணு காதாண்ட வந்துடும்." எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் மருந்து வழியும் என்று யாரோ ஒரு அம்மா அதட்டினார்கள். ராயப்பன் குரலைத் தாழ்த்திக்கொண்டு தன் பெண்ணைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். திண்டிவனத்துப் பக்கம் கட்டிக் கொடுத்திருக்கிறாராம். "போன மாசம் இட்டுனு போச்சு. நல்ல காத்து, நல்ல தண்ணி, கதவ தொறந்தா பச்சப் பசேல்னு இருக்குது. ரெண்டாம் நாளே எனக்கு நெஞ்ச அடைக்குது. இன்னான்னு ரோசன பண்ணிப் பாத்தா, நாத்தம் இல்ல தலைவரே. மீனு இல்ல, கருவாடு இல்ல, டீசல் இல்ல. வெறும் காத்து எப்பிடி உள்ள போவும்? நாலாம் நாள் ஓடியாந்துட்டேன். ராயபுரம் பாலம் எறங்கறப்ப ஒண்ணு வந்துச்சு பாருங்க, அப்பாடான்னு இழுத்துக்கினேன்." அவ்ளோ நல்ல ஊரா இது என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. "யாரு சொன்னது? கொசு கடிச்சே பாதி ரத்தம் போச்சு. பேஞ்சா வெள்ளம், பேயலன்னா கொடத்த தூக்கினு அலையணும். இத ஊருன்னு எவன் சொல்வான். ஆனா அத நான் சொல்லணும். அறுவத்தெட்டு வருசம் இதோட தூசிய தின்னவன் நான். என் மருமவன் சொல்றான் பாருங்க, இன்னா மாமா ஊரு அதுன்னு, அப்ப மட்டும் எனக்கு சோறு எறங்க மாட்டேங்குது." சிஸ்டர் வந்து எனக்கு ரெண்டாவது சொட்டு விட்டது. எரிகிறது.

எறங்க மாட்டேங்குதாம். எனக்கு இறங்கிக்கொண்டுதானே இருக்கிறது. லோகு ஒவ்வொரு தடவை வரும்போதும் செருப்பைக் கழற்றும்போதே சொல்வான், இந்த ஊருதான் நைனா அம்மாவ முழுங்கிச்சு. நான் ஆமாண்டா என்பேன். ஒன்பது வருஷமாக ஆமாண்டா. ஒரு தடவைகூட நாக்கு கூசவில்லை. ஊர் என்ன, வந்து சண்டை போடப் போகிறதா. இமைக்குள்ளே இப்போது வெள்ளையாக ஒரு புகை, புகை கலைந்து பழுப்பாக ஆகிறது, பழுப்பு அசைகிறது. வேண்டாம். சம்பூர்ணத்தை வேறு மாதிரி நினைத்துப் பார்க்கலாம். மிண்ட் பக்கம் ஒரு பைண்டிங் கடையில் காகிதம் மடித்துக்கொண்டிருந்தாள். நான் கட்டு இறக்கப் போனேன். கட்டைத் தொப்பென்று போட்டதில் அவள் மடித்து வைத்தது அத்தனையும் பறந்துவிட்டது. கண்ணு எங்க, முதுகுல வெச்சிருக்கியா என்றாள். அதுதான் முதல் பேச்சு. அந்தக் குரல் அப்படியே இருக்கிறது, முகம்தான் இந்தக் கொஞ்ச நாளாகப் புகையடித்த மாதிரி ஆகிவிட்டது, போட்டோவில் பார்த்தாலும் புகைதான், புரை விழுந்தது கண்ணிலா ஞாபகத்திலா தெரியவில்லை. கல்யாணம் ஆன புதிதில் அவளைப் பலகையில் உட்கார வைத்துக் கடற்கரைக்கு மிதித்துக்கொண்டு போவேன். லோடு இல்லாமல் முன்னால் அவள் முதுகு மட்டும், ஜடையில் கனகாம்பரம். எந்த இடத்தில் ஏற்றம் வரும் என்று முன்னாடியே சொல்வேன், இப்ப பாரு, இப்ப இழுக்கும் பாரு என்பேன். வண்டி இழுக்கும். அவள் கையைத் தட்டிச் சிரிப்பாள். இந்த ஊர் முழுக்க எங்காளு தொடையிலதான் இருக்குது என்று மாடி வீட்டு ஜுலேகா பீவியிடம் பெருமையாகச் சொல்லுவாள். அந்தப் பெருமைதான். அங்கேயே வந்து நிற்கிறேன் பார், எந்தச் சந்தில் நுழைந்தாலும் அந்த முக்குக்கே வந்து நிற்கிறேன்.

பெருமழை வந்த வருஷம் நான் வண்டி மிதிப்பதை விட்டு ஆறு வருஷம் ஆகியிருந்தது. வண்டியை மட்டும் விற்க மனசில்லாமல் வாசலில் சங்கிலி போட்டுக் கட்டி வைத்திருந்தேன். விடிந்தபோது தண்ணீர் வாசற்படியை நக்கிக்கொண்டிருந்தது. ஜுலேகா மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, அண்ணே, அண்ணிய கூட்டிக்கினு மேல வந்துடுங்க, சோறு ஆக்கறேன் என்றது. நான் சிரித்தேன். சிரித்ததை இப்போதும் என் காதில் கேட்க முடிகிறது. இது பள்ளம்மா, இங்க மாருக்கு வரும், மாடியே ஊறிடும், ஒனக்கு இன்னா தெரியும் என்றேன். யானைக்கவுனி பாலத்துக்கு இந்தப் பக்கம் ஒரு பழைய காகிதக் கிடங்கு, அந்த முக்கில் ஒரு மேடு. எத்தனையோ மழையில் அங்கே வண்டியை நிறுத்திப் பீடி பிடித்திருக்கிறேன், சக்கரம் நனைந்ததில்லை. சம்பூர்ணத்தை, ஸ்டவ்வை, டிரங்குப் பெட்டியைப் பலகையில் ஏற்றித் தள்ளிக்கொண்டு போனேன். போய்ச் சேரும்போது முக்கு காய்ந்துதான் இருந்தது. பாத்தியா என்றேன். ஆமா, ஒங்க தொட பொய் சொல்லுமா என்றாள். கிடங்குப் படியில் உட்கார்ந்து பன்னைத் தேநீரில் தோய்த்துத் தின்றோம். மத்தியானம் மூணு மணி இருக்கும், தண்ணீர் முன்னாலிருந்து வரவில்லை, எங்கள் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது. சத்தமே இல்லாமல், பாய் விரிக்கிற மாதிரி. நான் மிதிக்காத அந்த ஆறு வருஷத்தில் சுற்றியிருந்த ரோட்டை எல்லாம் மேலே மேலே போட்டு ஒசத்தியிருந்தார்கள், என் மேடு கிண்ணம் ஆகியிருந்தது. தொடைக்கு அதை யார் சொல்வார்கள். என் வீட்டு வாசலே சொல்லிக்கொண்டுதான் இருந்தது. நாங்கள் குடிபோன புதிதில் ரெண்டு படி ஏறி வீட்டுக்குள் போவோம், அப்புறம் ரெண்டு படி இறங்கிப் போனோம். தினமும் இறங்கினேன், தினமும் குனிந்தேன், புரிந்துகொண்டேனா. இடுப்பு வரைக்கும் தண்ணீரில் அவள் வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள், வண்டி மிதந்தது, வெளிச்சம் போகிற நேரத்துக்குத்தான் படகு வந்தது. அப்புறம் ஜுரம். எலி மூத்திரத்தால் வருகிறதாம். பதினோராம் நாள் போய்விட்டாள். காரியம் முடிந்து வீட்டுக்கு வந்தால் சுவரில் தண்ணீர் நின்ற கோடு, காவி நிறத்தில். முட்டி. என் முட்டிக்கு நேராக. முட்டி வரைக்கும்தான் வந்திருக்கிறது. மாடியில் ஒரு சொட்டு இல்லை. வெள்ளை அடித்தால் போய்விடும் என்று வீட்டுக்காரர் சொன்னார், அடித்தார், போகவில்லை, பழுப்பாக எட்டிப் பார்க்கிறது. ஒன்பது வருஷமாக அந்தக் கோட்டுக்கு எதிரே பாய் போட்டுப் படுக்கிறேன்.

மூன்றாவது சொட்டு விட்டாயிற்று போலிருக்கிறது, எப்போது விட்டது என்று தெரியவில்லை, கன்னம் நனைந்திருக்கிறது. ஒரு பயம் வந்து உட்கார்ந்துகொண்டது. பாப்பா விரிந்ததும் டாக்டர் விளக்கைப் போட்டுக் கண்ணுக்குப் பின்பக்கம் வரைக்கும் பார்ப்பாராம், ராயப்பன் சொன்னார். அங்கே அந்தக் கோடு இருந்தால் தெரிந்துவிடுமா. பைத்தியக்காரத்தனம்தான். ஆனால் எங்கேயோ இருக்கத்தானே வேண்டும், இத்தனை வருஷம் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறேனே. ஓசூருக்குப் போய்விட்டால் சுவர் இருக்காது. குழாயைத் திறந்தால் தண்ணீர் வருமாம், பேத்தி கையைப் பிடித்துக்கொண்டு பூங்காவுக்குப் போகலாமாம். நான் ஏன் போகவில்லை, ஊர்ப் பாசம் என்று லோகு நினைக்கிறான், நானும் அப்படித்தான் சொல்லிக்கொள்கிறேன். பாசம் பாதி, கோடு பாதி. பாசம் இருக்கிறவன் ஆமாண்டா சொல்வானா. எனக்குச் சோறு போட்டது, பெண்டாட்டி கொடுத்தது, முதுகில் கை கொடுத்தது. நான் செய்த தப்பைத் தூக்கி அதன் தலையில் வைத்தேன். அதுவும் சுமந்துகொண்டு நிற்கிறது, லோடு ஏற்றிய மாடு மாதிரி, வாயைத் திறக்காமல்.

"ராயப்பன் யாருங்க, ராயப்பன்" என்று சிஸ்டர் கூப்பிட்டது. பெஞ்சு கிறீச்சிட்டது. என் தோளைத் தேடி ஒரு கை வந்து ரெண்டு தட்டு தட்டியது. "வரேன் தலைவரே. நல்லா தெரிஞ்சா ஒரு நாள் ராயபுரம் வாங்க, மீனு வாங்கித் தரேன். தெரியலன்னா மோந்துகினே வந்துடுங்க." அந்தக் கை போய்விட்டது. அவர் முகமும் எனக்குத் தெரியாது.

நாலாவது சொட்டு. எரியவே இல்லை. அடங்கிவிட்டது போல. ஜன்னல் பக்கமிருந்து மண் நனைகிற வாசனை வந்தது, தூறுதுடி, துணி கெடக்குது என்று யாரோ போனில் சொன்னார்கள். என் கை தானாகக் குடையை இறுக்கியது. லோகுவின் செருப்புச் சத்தம் எனக்குத் தெரியும், இடது கால் கொஞ்சம் தேய்க்கும். வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். டீ வாசனை அடித்தது.

"டோக்கன் முப்பத்தேழு நைனா. இன்னும் ரெண்டு பேருதான்." டீ உறிஞ்சினான். "ஆரம்பிச்சிடுச்சு பாரு மழ. அம்மாவ முழுங்கினது பத்தல இந்த ஊருக்கு."

ஆமாண்டா என்ற வார்த்தை நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. கண் திறந்திருந்தால் சொல்லியிருப்பேன், அவன் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டுக் கஞ்சி குடித்திருப்பேன். மூடின கண்ணுக்குள் அந்தப் பழுப்புதான் இருந்தது.

"ஊரு இல்லடா லோகு."

"இன்னா?"

"ஊரு இல்ல. நான். ஜுலேகா மேல கூப்ட்டுது. நான்தான் வாணாம்ட்டு ஒங்கம்மாவ அந்த முக்குக்கு இட்டுனு போனேன். மேடுன்னு. வூட்ல தண்ணி முட்டி வரைக்கும்தான் வந்துச்சு. முட்டி வரைக்கும்தான்டா."

காகித டம்ளர் கசங்கும் சத்தம் கேட்டது, மெதுவாக, ஒரு மடிப்பு, இன்னொரு மடிப்பு. சம்பூர்ணம் காகிதம் மடிப்பது மாதிரியே இருந்தது. வெளியே தூறல் தகரத்தில் விழுந்துகொண்டிருந்தது.

"தெரியும் நைனா."

"இன்னாடா தெரியும்?"

"அம்மா சொல்லிச்சு. ஆஸ்பத்திரியில, எட்டாம் நாள். ஒங்கப்பன் தொடைய நம்பிப் போனோம்டா, அது கெழத் தொட ஆயிடுச்சுன்னு ரெண்டு பேருக்கும் தெரியலன்னு சொல்லிட்டு சிரிச்சிச்சு. சிரிச்சதுல இருமல் வந்துடுச்சு. அவர ஒண்ணும் கேக்காதன்னு சத்தியம் வாங்கிச்சு. நான் கேக்கல."

சிரித்தாளாம். என்னிடம் அதைச் சொல்ல ஒன்பது வருஷம்.

"அப்பறம் ஏண்டா ஊர திட்டிக்கினே இருந்த?"

"யாரையாவது திட்டணும் இல்ல?" குரல் பெஞ்சுக்குக் கீழே போய்விட்டது. "ஒன்ன திட்ட முடியல. மழைய திட்டினா அது பாட்டுக்குப் பேயுது. ஊரு பெருசு நைனா. எவ்ளோ திட்னாலும் வாங்கிக்கும்."

முப்பத்தேழு என்றார்கள். கையைப் பிடித்து உள்ளே கொண்டுபோனான். டாக்டரம்மா கண்ணைத் திறக்கச் சொல்லி, விளக்கைப் போட்டு, மேலே பார், கீழே பார் என்று ரொம்ப நேரம் பார்த்தார்கள். மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். "பின்னாடி நல்லாதான் இருக்கு பெரியவரே. முன்னாடிதான் புரை முத்திப்போச்சு. அடுத்த செவ்வாய்க்கிழமை எடுத்துடலாமா, இல்ல உங்க பையன் சொல்ற மாதிரி அங்க போய்ப் பண்ணிக்கிறீங்களா?" பின்னாடி ஒன்றும் இல்லையாம். நன்றாகப் பார்த்தீர்களா என்று கேட்க வந்தது, கேட்கவில்லை. லேசாக இருந்தது. எனக்கு அதுவும் பயமாக இருந்தது. லோடு இறக்கின வண்டி எங்கே வேண்டுமானாலும் போகும், ஓசூருக்குக்கூடப் போகும்.

"செவ்வாய்க்கிழமயே எழுதிக்கோங்கம்மா" என்றேன். லோகு என்னைப் பார்த்திருப்பான், எனக்குத் தெரியவில்லை. வாசலுக்கு வந்ததும் ஊர் முழுக்க வெளிச்சமாக வந்து கண்ணில் விழுந்தது. விரிந்த பாப்பாவுக்குள் அத்தனையும் ஒரே சமயத்தில் நுழைகிறது, பஸ் ஒரு பெரிய பச்சைக் கறை, ஆட்டோக்கள் மஞ்சள் சொட்டுகள், நனைந்த ரோடு பாலாக ஓடுகிறது, ஒன்றுக்கும் ஓரம் கிடையாது. இவ்வளவு அழகாக இது என்றைக்கும் இருந்ததில்லை. குப்பைத்தொட்டியாகத்தான் இருக்கும், அதுகூடத் தகதகவென்று இருந்தது. பொய் அழகு என்று எனக்குத் தெரியும், நாலு மணி நேரத்தில் மருந்து இறங்கிவிடும்.

"ஆறு மணிக்கு சாவி?" என்றான் லோகு.

"என் பையிலயே இருக்கட்டும். கண்ணு கட்டு அவுத்தா மொத மொதல்ல இந்த ஊர பாக்கணும்டா. அந்தச் செவுத்துல கோடு, புதுசா கட்ன பாலம், ஜுலேகா மூஞ்சி, எல்லாத்தையும் ஒழுங்கா ஒரு தபா பாக்கறேன். பாத்துட்டுத் திட்டணும்னா நானும் சேந்து திட்டறேன். ஓசூரு எங்கயும் ஓடிடாது. அதுக்கு அப்பறம் பேசலாம்."

அவன் சிரித்தானா பெருமூச்சு விட்டானா, பஸ் சத்தத்தில் பிரியவில்லை. போனை எடுத்து வீட்டுக்காரரிடம் இன்னும் பத்து நாள் ஆவும் சார், நைனாக்கு கண்ணு ஆபரேஷன், ஆமா, இங்கயேதான் என்றான். குடையை விரித்தேன். தூறல் அதில் பேசிக்கொண்டு வந்தது. கேட்டைத் தாண்டி நாலு அடி வைத்ததும் கால் சொல்லிவிட்டது. கெழத் தொடைதான், ஆனாலும் சொல்லியது.

"இங்க ஏத்தம்" என்றேன்.

"சமமாத்தான் கீது நைனா."

"ஏத்தம்டா."

முதுகில் ஒரு கை வந்து பதிந்தது. டீ டம்ளர் கசக்கின கை, சூடாக இருந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.